மூணாவது குரலுக்கு வந்த பதில்

முதல்லயே சொல்லிடறேன், பேய் பிசாசு காத்து கருப்பு எதுலயும் எனக்கு நம்பிக்கை கிடையாது. பகல்ல வாய்கிழியப் பேசிட்டு இருட்டினதும் போர்வைக்குள்ள பூந்துக்கற ரகமும் நான் இல்ல. என் தொழில் அப்படி. இரும்புலியூர்ல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். சத்தத்தை வச்சுதான் எனக்குச் சோறு. வீட்டம்மாங்க போன்லயே மோட்டாரை ஓடவிட்டுக் காட்டுவாங்க, நான் கடையில உக்காந்துகிட்டே "இது பேரிங்கும்மா, இது கெபாசிட்டரும்மா"ன்னு சொல்லிடுவேன், நேர்ல போய் கழட்டினா அதுவாத்தான் இருக்கும். அதனால யாராவது வந்து மாடியில நடமாட்டம் கேட்டுச்சு, கிணத்துல அழுகை கேட்டுச்சுன்னு ஆரம்பிச்சா, எந்தப் பக்கமிருந்து கேட்டுச்சு, காத்து அடிச்சுதா, பக்கத்துல தகரக் கூரை எதுனா இருக்கான்னு கேட்டு அந்தக் கதையை அங்கேயே முடிச்சு அனுப்பிடுவேன்.

இதைப் படிச்சுட்டு நீங்களும் என்னை அதே கேள்வி கேப்பீங்க. கேளுங்க. நான் தினம் கேட்டுகிட்டுதான் இருக்கேன்.

எங்க காலனிக்குப் பின்னாடி காப்புக்காடு. பெரிய காடுன்னு நினைச்சுடாதீங்க, புலி கிலி எல்லாம் கிடையாது. புள்ளிமான் உண்டு, மயில் உண்டு, கீரி உண்டு, உள்ள கொஞ்ச தூரம் போனா பழைய கல்குவாரி, அதுல தண்ணி. ஜிஎஸ்டி ரோட்டுல பஸ் ஹார்ன் அடிக்கறது ஒரு காதுல விழும், மயில் அகவறது இன்னொரு காதுல விழும், அந்த மாதிரி இடம். கடைசித் தெருவோட முடிவுல ஒரு காம்பவுண்டு சுவர், சுவர்ல ஒரு இடத்துல இடிஞ்ச சந்து, அந்தச் சந்து வழியா நாங்க நாலஞ்சு பேரு காலையில வாக்கிங் போவோம்.

அந்தக் கோஷ்டிக்குத் தலைவர் பாஸ்கர் சார். பள்ளிக்கூடத்துல பூகோளம் எடுக்கறவர். என்னைவிட வயசுல மூத்தவர், ஆனா என்கிட்ட ரொம்பப் பிரியம், "மணி மணி"ன்னு கூப்பிட்டுகிட்டே இருப்பார். குரல்னா அது குரல். மைக் இல்லாம கடைசி பெஞ்சு வரைக்கும் போற கணீர் குரல். கடைசித் தெருவுல கடைசி வீடு அவரோடது, சுவரை ஒட்டினாப்ல. விடியக்காலம் நாங்க அவர் கேட்டுல போய் நின்னு "சார்!"னு கூப்பிட்டா மாடியிலருந்து பதில் வரும்: "இருக்கேன் இருக்கேன், கொஞ்சம் இருங்க, வந்துட்டேன்!" வர மாட்டார். நாங்க ஆளுக்கொரு டீ குடிச்சுட்டு வந்தப்புறம்தான் வருவார்.

எனக்கு ஜனங்க பேசற பேச்சுன்னா உசுரு. யார் எதைச் சொன்னாலும் பிடிச்சு வச்சுப்பேன், கடையில வர்றவங்ககிட்ட திருப்பிச் சொல்லிச் சொல்லி அது ஊர்ப் பேச்சாவே ஆயிடும். அப்படித்தான் இதுவும் ஆச்சு. பல்லாவரத்துக்குப் போற பஸ் வரலைன்னா "இன்னா, பாஸ்கர் வந்துட்டேனா?"ன்னு கேக்கற அளவுக்கு எங்க ஏரியால பரவிடுச்சு. சாரே சிரிப்பார். அவர் வீட்டம்மா வசந்தா இன்னும் மேல, "மணி அண்ணா, இந்த மனுஷன் கல்யாணத்தன்னிக்கே முகூர்த்தத்துக்கு வந்துட்டேன் வந்துட்டேன்னு சொல்லிட்டு மாலையோட தெருமுனையில நின்னு யார்கூடவோ பேசிகிட்டு இருந்தவர்"ன்னு போட்டு உடைப்பாங்க.

இப்போ அந்தக் காட்டு விஷயத்துக்கு வரேன். போன கோடைக்கு முன்னாடி காட்டிலாகா ஆளுங்க வந்து சுவருக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டியே, நீளமா ஒரு பட்டை மாதிரி செடி கொடி புல்லு எல்லாத்தையும் சுரண்டி வெறும் மண்ணாக்கிட்டுப் போனாங்க. நல்ல அகலம், ஒரு லாரி போகலாம். எங்க ஜனங்களுக்கு ஒரே குஷி. கவர்மெண்ட் நமக்கு வாக்கிங் டிராக் போட்டுக் கொடுத்திருக்குன்னு வாட்ஸ்அப்ல கை கூப்பி நன்றி எல்லாம் போட்டாங்க. இன்னும் சில பேருக்கு அது வேற மாதிரி தோணிச்சு, சும்மா கிடக்கற இடம்தானேன்னு. கடைசித் தெருக்காரங்க தோட்டத்துல விழற தென்னை மட்டை, மாஞ்சருகு, கழிச்ச கிளை எல்லாத்தையும் குப்பை வண்டிக்காரன் எடுக்க மாட்டேங்கறான்னு சுவருக்கு மேல தூக்கி அந்தப் பக்கம் போட ஆரம்பிச்சாங்க. போடப் போட மலை மாதிரி குவிஞ்சு காஞ்சு கிடந்தது.

அது டிராக்கும் இல்ல, குப்பை மேடும் இல்ல, ஃபயர் லைன். தீத்தடுப்புக் கோடு. காட்டுல தீ பிடிச்சா இந்த வெறும் மண்ணுல வந்து பசிச்சுச் செத்துடணும், ஊருக்குள்ள வரக் கூடாது, அதுக்காகப் போட்டது. நாங்க அதுக்குப் பந்தி பரிமாறி வச்சிருந்தோம்.

பங்குனி வெயில்லயே காட்டிலாகாவுலருந்து வனவர் மேடம் வந்து அந்த இடிஞ்ச சந்துல முள்ளு போட்டு அடைச்சு, தீ காலம் முடியற வரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாதுன்னு போர்டு வச்சுட்டாங்க. சின்ன வயசுப் பொண்ணு, நறுக்குன்னு பேசும். பாஸ்கர் சாருக்கும் அதுக்கும் சந்துலயே வாக்குவாதம். "காடு என்ன பூட்டி வைக்கற பீரோவாம்மா? ஜனங்க கண்ணு பட்டாதான் காட்டுக்குப் பாதுகாப்பு. நாங்க நடக்கறதாலதான் இங்க தண்ணியடிக்கறவன் வரல"ன்னு இவர் சொல்ல, அந்தப் பொண்ணு, "ஒத்துக்கறேன் சார். மழை பெஞ்சப்புறம் வாங்க, நானே கூட வரேன். வெயில் காலத்துல காடு யாருக்கும் சொந்தம் இல்ல, எனக்கும் இல்ல"ன்னு சொல்லிச்சு. நல்லா இருந்துச்சு அந்தப் பேச்சு, உடனே பிடிச்சு வச்சுகிட்டேன். ரெண்டு பேர் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சுன்னு இன்னிக்கும் தோணுது. நாங்க எல்லாரும் உள்ள போறதை நிறுத்திட்டோம். பாஸ்கர் சார் மட்டும் நிறுத்தல. விடியறதுக்குள்ள முள்ளை நகத்திட்டு உள்ள போய்ட்டு வந்துகிட்டுதான் இருந்தார்.

அக்னி நட்சத்திரம் நடுவுல ஒரு நாள். ஞாயித்துக்கிழமை. சாப்பிட்டுட்டு எல்லாரும் படுத்திருக்கற நேரம். தெருவுல யாரோ கத்தறாங்க, எழுந்து பாத்தா காட்டுப் பக்கம் வானம் சாணி கரைச்ச மாதிரி இருக்கு. எப்படிப் பிடிச்சுதுன்னு இன்னிவரைக்கும் தெரியாது, ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நான் ஓடிப் போறதுக்குள்ள வனவர் மேடமும் காவல்காரங்க கொஞ்சம் பேரும் ஃபயர் லைன்ல நின்னுகிட்டிருந்தாங்க. அதுல ஏழுமலைன்னு ஒருத்தர், இந்தக் காட்டுக்குத் தீக்காவல் அவர்தான், காலனிக்காரங்க எல்லாருக்கும் பழக்கம். அவர் எங்களைப் பாத்த பார்வை இருக்கே. "இன்னா சார் இது, கோட்டுல இம்மாம் மட்டையப் போட்டு வெச்சுகினு கீறீங்க? நெருப்புக்குப் பாலம் கட்டிக் குடுத்துட்டீங்களே!"ன்னு தலையில அடிச்சுகிட்டார்.

தீ குவாரிப் பக்கமிருந்து வந்துகிட்டிருந்தது. ஓடி வரல, நடந்து வந்துச்சுன்னு சொல்லணும், ஆனா நிக்காம நடந்து வந்துச்சு. ஃபயர் வண்டி வந்துடுச்சு, கடைசித் தெருவுல நுழைய முடியல, ரெண்டு பக்கமும் கார். ஹோஸ் பைப்பை இழுத்தா எட்டல. நாங்க மட்டையை இழுத்து இழுத்து சுவருக்கு இந்தப் பக்கம் போடறோம், கை எல்லாம் கிழியுது, மலை குறைய மாட்டேங்குது.

பாஸ்கர் சார் என் பக்கத்துலதான் இழுத்துகிட்டிருந்தார். ஈரத் துண்டை மூக்கு வாய் சேத்து இறுக்கிக் கட்டியிருந்தார். அவர் கண்ணு மட்டையில இல்ல, அவர் வீட்டு மாடியில இருந்துச்சு. ஏன்னா மாடியில வசந்தா. இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆகி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, கட்டிலை விட்டு அசையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். கீழ் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தாங்க, அவங்க ஊருக்குப் போய்ட்டாங்க. மாடிக்கு ஒரே வழி வீட்டுக்குப் பின்பக்கம் இருக்கற இரும்புச் சுழல் படி, அதுவும் காட்டைப் பாத்து. அதுல ஒரு ஆள் ஏறலாம், ஆஸ்பத்திரியிலருந்து வந்தன்னிக்கு அவங்களை நாற்காலியில வச்சு மேல ஏத்தறதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சு, இந்தப் புகையில இறக்க முடியாது. முதல்ல ரெண்டு பேர் ஏறிப் பாத்தாங்க, பாதிப் படியிலயே புகை தாங்காம இருமிகிட்டு இறங்கிட்டாங்க. மாடி ஜன்னலுக்குள்ளருந்து வசந்தா குரல் மட்டும் கேக்குது, "என்னங்க, என்னங்க"ன்னு.

வனவர் மேடம் ஒரு முடிவுக்கு வந்துச்சு. எதிர்த்தீ. அதாவது, தீ நம்மகிட்ட வர்றதுக்குள்ள கோட்டு ஓரத்துலருந்து நாமளே ஒரு தீயை வச்சு அதை நோக்கி அனுப்பறது. ரெண்டும் நடுவுல மோதிகிட்டா தின்ன ஒண்ணும் இல்லாம ரெண்டும் சாகும். காத்து தோதா இருக்கறப்பவே வச்சாகணும், தப்பினா எல்லாம் போச்சு. மட்டை கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, பரவாயில்ல, இப்பவே வைக்கணும்னுச்சு.

வைக்கறதுக்கு முன்னாடி ஒரு முறை இருக்கு. அன்னிக்குத்தான் எனக்கே தெரியும். காட்டுக்குள்ள விறகு பொறுக்கறவங்க இருப்பாங்க, ஆடு மேய்க்கறவங்க இருப்பாங்க, வீட்டுக்குத் தெரியாம வந்து உக்காந்திருக்கற பசங்க புள்ளைங்க இருப்பாங்க, குடிச்சுட்டுக் கிடக்கறவங்க இருப்பாங்க. அதனால எதிர்த்தீ வைக்கறதுக்கு முன்னாடி மூணு குரல் கொடுக்கணும். ஒவ்வொரு குரலுக்கு அப்புறமும் எல்லாரும் வாயை மூடிகிட்டு நின்னு காது கொடுக்கணும். பதில் வந்தா வைக்கக் கூடாது.

ஏழுமலை கையை வாய்க்குப் பக்கத்துல குவிச்சு முதல் குரல் கொடுத்தார். "உள்ள யாராச்சும் கீறீங்களா? நெருப்பு வெக்கப் போறோம், வெளிய வாங்க!" நாங்க நின்னோம். தீ படபடன்னு முறிக்கற சத்தம்தான். ரெண்டாவது குரல். மயில் ஒண்ணு அலறிகிட்டு எங்க தலைக்கு மேல பறந்து போச்சு. மூணாவது குரல் கொடுத்தார்.

"இருக்கேன் இருக்கேன், கொஞ்சம் இருங்க, வந்துட்டேன்!"

நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க. காட்டுக்குள்ளருந்து வந்துச்சு. நேர் எதிர்ல, ரொம்ப உள்ள இல்ல, உன்னிப் புதர் தாண்டி எங்கேயோ. கணீர்னு. ஒரு இழுப்பு, ஒரு ஏத்தம் மாறல, தினம் விடியக்காலம் கேட்டுல நின்னு கேக்கற அதே குரல். நான் என்னை அறியாம பக்கத்துல திரும்பிப் பாத்தேன். பாஸ்கர் சார் என் தோளு உரசற தூரத்துல நின்னுகிட்டிருக்கார். துண்டு வாய்ல கட்டினது கட்டினபடி. அதுக்கு மேல ரெண்டு கண்ணு மட்டும், அந்தப் புதரைப் பாத்தபடி.

குவாரிப் பாறையில பட்டு எதிரொலிச்சிருக்கும்னு சொல்வீங்க. பட்டா ஏழுமலை கத்தினதுதானே திரும்பணும்? இது வேற குரல், வேற பேச்சு. அதுவும் எனக்கு மட்டும் கேட்டிருந்தா சரி, வெயில், புகை, பயம்னு தள்ளிடலாம். மட்டை இழுத்துகிட்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்டுச்சு. ஒருத்தன் சிரிச்சே சிரிச்சுட்டான், "யோவ், பாஸ்கர் சார் உள்ளயும் லேட்டு!"ன்னு. சிரிச்சவன் திரும்பி சாரைப் பாத்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு.

மேடம் தீப்பந்தத்தைக் கீழ இறக்கிடுச்சு. "ஆள் இருக்காங்க. வைக்க முடியாது. உள்ள போய் கூட்டிட்டு வாங்க"ன்னுச்சு. ஏழுமலை ரெண்டு எட்டு உள்ள வச்சார், புகை அவரைத் திருப்பி அனுப்பிடுச்சு. மறுபடி கூப்பிட்டார், பதில் இல்ல. காத்து திரும்பப் பாக்குது, புல்லு சாயறதுல தெரியுது. மாடியிலருந்து "என்னங்க"ன்னு மறுபடியும் சத்தம், இப்ப இருமலோட.

பாஸ்கர் சார் துண்டை அவுத்தார். "நான்தாம்மா கத்தினேன். பயத்துல பழக்கதோஷத்துல வாயில வந்துடுச்சு. அந்தப் பக்கம் பாறையில பட்டுத் திரும்பிச்சு. உள்ள யாரும் இல்ல, வைங்க."

மேடம் அவரையே பாத்துச்சு. "நிஜமாவா சார்? ஒரு உசுரு விஷயம்."

"என் பொண்டாட்டி மேல சத்தியம்"னார். சொல்லிட்டு மாடியைக் கைகாட்டினார்.

அவர் வாய் மூடியிருந்தது எனக்குத் தெரியும். பக்கத்துல நின்னவன் நான். நான் வாயைத் திறந்திருந்தா மேடம் வச்சிருக்காது. திறக்கலாமான்னு யோசிக்கறதுக்குள்ள, நிஜமா சொல்றேன், அந்த நேரத்துக்குள்ளயே, பந்தம் கோட்டு ஓரத்துல பட்டு, புல்லு பிடிச்சு, தீ ஒரே வரிசையா எழுந்து காட்டுக்குள்ள நடக்க ஆரம்பிச்சுடுச்சு. நாங்க தழையை வச்சு இந்தப் பக்கம் வர்றதை அடிச்சுகிட்டே நின்னோம். ரெண்டு தீயும் மோதிகிட்டப்ப ஒரு பெரிய மூச்சு மாதிரி சத்தம் வந்துச்சு. அதுக்கு ஒரு கணம் முன்னாடி, அந்தப் பக்கமிருந்து மறுபடியும், இன்னும் கிட்டத்துல, "கொஞ்சம் இருங்க..." அவ்வளவுதான். மிச்சம் கேக்கல.

வீடுங்க பிழைச்சுது. வசந்தாவுக்கு ஒரு கீறல் இல்ல. புகை அடங்கினதும் சார் இரும்புப் படியில ஓடினார், எல்லாருக்கும் முன்னாடி.

மறுநாள் காலையில மேடம் ஆளுங்களைப் பிரிச்சு விட்டு எரிஞ்ச இடம் பூரா தேடச் சொல்லிச்சு. சார் சத்தியத்தை அது முழுசா நம்பலைன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. நானும் கூடப் போனேன், தூங்கியிருந்தாத்தானே வீட்ல இருக்கறதுக்கு. மனுஷ ரூபத்துல எதுவும் கிடைக்கல, துணி இல்ல, செருப்பு இல்ல, எலும்பு இல்ல. எங்க எல்லாருக்கும் உசுரு வந்த மாதிரி இருந்துச்சு. ஆனா ஏழுமலை மட்டும் என்னை உன்னிப் புதர் இருந்த இடத்துக்குக் கூட்டிகிட்டுப் போய் கீழ காட்டினார்.

சாம்பல் மேல காலடி. ஷூ போட்ட காலடி, ஒரு ஆளோடது. சாம்பல் விழுந்ததுக்கு அப்புறம் நடந்தது, ஏன்னா சாம்பலை அழுத்திகிட்டு மேல பதிஞ்சிருக்கு. உள்ளருந்து வெளிய வருது. உள்ள போறதுக்கு அடி இல்ல, வெளிய வர்றது மட்டும்தான். நேரா வந்து, ஃபயர் லைனைத் தாண்டி, சந்து வழியா நுழைஞ்சு, சாம்பல் தேய்ஞ்சு தேய்ஞ்சு மங்கி, பாஸ்கர் சார் வீட்டுப் பின்பக்கம் அந்த இரும்புப் படிக்குக் கிட்ட போய் முடியுது.

"யாராச்சும் நம்மாளுங்க நடந்திருப்பாங்கப்பா"ன்னேன். என் குரலே எனக்குத் தேஞ்ச பேரிங் மாதிரி கேட்டுச்சு.

ஏழுமலை ஒரு தழையை உடைச்சு அந்த அடியெல்லாம் பெருக்கி அழிச்சுகிட்டே வந்தார். மேடம் பாக்கக் கூடாதுன்னோ சார் பாக்கக் கூடாதுன்னோ, நான் கேக்கல. முடிச்சுட்டுச் சொன்னார், "நேத்து விடியக்காலம் இந்த சாரு முள்ளை நவுத்திட்டு உள்ள போனதை நான் பாத்தேண்ணா. திட்டலாம்னு சந்துலயே குந்திகினு இருந்தேன், வெயில் ஏர்ற வரிக்கும். அவரு வெளிய வந்ததை நான் பாக்கவே இல்ல."

வேற வழியா வந்திருப்பார். குவாரியைச் சுத்தி வந்தா ரோட்டுக்கு வர ஒரு வழி இருக்கு. அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கறேன்.

அந்தத் தீயில பாஸ்கர் சாருக்குப் போனது ஒண்ணே ஒண்ணு, குரல். புகை தொண்டையை அரிச்சுடுச்சுன்னு டாக்டர் சொன்னார். அந்தக் கணீர் போய் கரகரன்னு, காத்துல காகிதம் உரசற மாதிரி ஆயிடுச்சு. கழுத்துல சின்ன மைக் மாட்டிகிட்டுத்தான் பாடம் எடுக்கறார். வாக்கிங் வர்றதையே விட்டுட்டார். மழை பெஞ்சு காட்டைத் திறந்தப்ப மேடமே வீட்டுக்கு வந்து கூப்பிட்டுச்சு, சொன்ன சொல்லைக் காப்பாத்திச்சு. இவர்தான் போகல. "வந்துட்டேன்"ங்கற வார்த்தையை அவர் வாயால கேட்டு மாசக்கணக்காச்சு. நாங்களும் பஸ் ஸ்டாப்புல அந்தக் கிண்டலை நிறுத்திட்டோம், யாரும் நிறுத்தச் சொல்லல, தானா நின்னுபோச்சு.

இவ்வளவோட முடிஞ்சிருந்தா நான் எழுத உக்காந்திருக்க மாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை சாயந்திரம் வசந்தா போன் பண்ணி, மோட்டார் ஒரு மாதிரி கத்துது, வந்து பாருங்கண்ணான்னாங்க. இப்ப அவங்க வாக்கர் வச்சுகிட்டு நல்லா நடக்கறாங்க. வாடகைக்காரங்க காலி பண்ணிட்டதால கீழ் வீட்டுக்கே வந்துட்டாங்க, மாடி பூட்டிக் கிடக்கு. நான் டூல்ஸ் பையோட கேட்டுல நின்னு பழக்கத்துல "சார்!"னு ஒரு குரல் விட்டேன்.

"இருக்கேன் இருக்கேன், கொஞ்சம் இருங்க, வந்துட்டேன்!"

வீட்டுக்குப் பின்பக்கமிருந்து. கணீர்னு.

முதல் ஒரு நொடி, சந்தோஷம்தான் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆஹா, மனுஷனுக்குக் குரல் திரும்பிடுச்சேன்னு. அப்புறம்தான் இதை எங்க கேட்டேன்னு உறைச்சுது. வசந்தா கதவைத் திறந்து, "உக்காருங்கண்ணா, குரல் கொடுத்தார் இல்ல, வருவார். உங்களுக்குத் தெரியாததா"ன்னு சிரிச்சாங்க. நான் உக்காந்தேன். அவங்க குரலைத் தாழ்த்தி, ஒரு நல்ல சேதி சொல்ற மாதிரி சொன்னாங்க, "அண்ணா, யார்கிட்டயும் சொல்லல, கண்ணு பட்டுடும். அவருக்குத் தொண்டை சரியாகிகிட்டு வருது. எதிர்ல நின்னு பேசினா கரகரன்னுதான் இருக்கு. ஆனா பின்பக்கமிருந்து பேசறப்ப அதே பழைய குரல் வருது. சாயந்திரம் ஆனா அந்த இரும்புப் படியில ஏறுவார், இறங்குவார், எனக்குப் படுக்கையிலருந்தே கேக்கும். கூப்பிட்டா வந்துட்டேன்பார், உடனே வர மாட்டார், எப்பதான் வந்தார்? முன்னெல்லாம் சுவருகிட்டதான் கேக்கும், இப்ப சமையக்கட்டு வாசல் வரைக்கும் வந்துடறார். அதான் நான் பின்கதவைத் தாழ்ப்பாள் போடறதில்ல, பாவம், கதவைத் தட்டிகிட்டு நிக்க வேணாமேன்னு."

காபி போடறேன்னு உள்ள போனாங்க. அந்த நேரம் தெருக் கேட்டு கிறீச்சுன்னுச்சு. பாஸ்கர் சார். கையில பல்லாவரம் சந்தைப் பை, கழுத்து எல்லாம் வேர்வை, இப்பதான் பஸ்ஸை விட்டு இறங்கின மூஞ்சி. என்னைப் பாத்தார், என் மூஞ்சியைப் பாத்தார், பையைக் கீழ வச்சுட்டு என் பக்கத்துல உக்காந்தார்.

"கேட்டுச்சா?"ன்னார், அந்தக் காகிதக் குரல்ல.

தலையாட்டினேன்.

"தினம் நான்தான் தாழ்ப்பாள் போடறேன், மணி. அவ எடுத்துடறா. என்னன்னு சொல்லி வேணாம்னு சொல்றது? அவ மேலதானே சத்தியம் பண்ணேன்."

பின்பக்கம் இரும்புப் படியில ஒரு காலடி. அப்புறம் இன்னொண்ணு. ஷூ போட்ட கால் இரும்புல வைக்கற சத்தம், என் காது இதுல தப்பாது. தென்னை மட்டை இல்ல, பூனை இல்ல. அப்புறம் சமையக்கட்டு வாசல்ல, ரொம்பக் கிட்டத்துல, நிதானமா, "வந்துட்டேன்."

உள்ளருந்து வசந்தா பதில் சொன்னாங்க, "மெதுவா வாங்க, கதவு திறந்துதான் இருக்கு. மணி அண்ணன் காத்துகிட்டிருக்கார்."

பாஸ்கர் சார் எழுந்து ஓடலாம்னு பாத்தார், என் கையைப் பிடிச்சுகிட்டு மறுபடியும் உக்காந்துட்டார். ரெண்டு ஆம்பளைங்க சோபாவுல ஒட்டிகிட்டு உக்காந்திருந்தோம். வாக்கரைத் தள்ளற சத்தம் வந்துச்சு. வசந்தாதான், வாக்கர்ல மாட்டியிருக்கற கூடையில காபி டம்ளர் வச்சுகிட்டு. சாரைப் பாத்ததும் அவங்க முகம் மலர்ந்துபோச்சு.

"அதுக்குள்ள முன்பக்கம் சுத்தி வந்துட்டீங்களா? இப்பதானே பின்னாடி நின்னீங்க?"

சார் என்னைப் பாத்தார். அப்புறம் அவங்களைப் பாத்து, இத்தனை மாசம் சொல்லாத அந்த வார்த்தையைச் சொன்னார்.

"வந்துட்டேன்."

வசந்தா உச்சுக் கொட்டினாங்க. "பாருங்கண்ணா, ஒரு நிமிஷம் முன்னாடி நல்லா இருந்துச்சு, எதிர்ல வந்ததும் மறுபடியும் கட்டிகிச்சு"ன்னாங்க. சொல்லிட்டு, கொண்டு வந்த டம்ளரை ஒண்ணொண்ணா எடுத்து டீப்பாய் மேல வச்சாங்க. எனக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு, சாருக்கு ஒண்ணு. கூடையில இன்னொண்ணு இருந்துச்சு. அதை எடுத்துப் பாத்துட்டு, யாருக்குப் போட்டோம்னு அவங்களுக்கே புரியாம, பின்கதவுப் பக்கம் திரும்பிப் பாத்தாங்க.

மோட்டாரை நான் அன்னிக்கே கழட்டிப் பாத்துட்டேன். அதுல ஒரு கோளாறும் இல்ல.